ஜப்பானியம்: வாய்க்கு ஒரு கட்டு, காதுக்கு ஒரு கட்டு

ஜப்பானிய மொழியில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வார்த்தைகள் வரிசையில் வந்து நிற்கின்றன. நாளைக்கு என்பதற்கு 'அஷிதா' படித்து முடித்தால், அதற்கு மேலே 'மியோனிச்சி' இருக்கிறது. கொஞ்சம் என்பதற்கு 'ச்சோத்தோ', கடைக்காரர் வாயில் அதுவே 'ஷோஷோ'. சாப்பிடுவதற்கு 'தபெரு', மரியாதைக்குரியவர் சாப்பிட்டால் 'மெஷியகாரு', நான் பணிவாகச் சாப்பிட்டால் 'இததாக்கு'. எல்லாவற்றையும் கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டி மனப்பாடம் செய்ய வைக்கும் ஆங்கி செயலியில் ஒரே அட்டைக் கட்டாகப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கேள்விக்கு எந்தப் பதில் சரி என்று அட்டைக்கே தெரியாத நிலை.

சரி என்று கட்டை இரண்டாகப் பிரித்துவிட்டேன். வாய்க் கட்டில் கேள்வி தமிழில் வரும், நான் ஜப்பானியத்தில் சொல்ல வேண்டும். காதுக் கட்டில் ஒலி மட்டும், புரிந்தால் போதும். மரியாதைச் சொற்களில் பாதிக்கு மேல் காதுக் கட்டுக்குப் போய்விட்டன. கடையிலோ ஓட்டலிலோ அந்தச் சொற்களைப் பேசுகிறவர் அங்கே வேலை செய்பவர்தான். அவர் 'ஷோஷோ ஒமாச்சி குதசாய்', கொஞ்சம் காத்திருங்கள், என்றால் நான் 'ஹாய்', அதாவது சரி, சொன்னால் வேலை முடிந்தது. வாடிக்கையாளரும் அதே உயரத்துக்கு ஏறிப் பதில் பேச வேண்டியதில்லை.

வாய்க் கட்டில் இருப்பது சாதாரண வார்த்தையும் 'மாஸ்' விகுதியும் (நம்ம ஊர் மாஸ் இல்லை). 'அஷிதா இக்கிமாஸ்', நாளைக்குப் போகிறேன். ஆசிரியரிடமும் சொல்லலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் சொல்லலாம். மரியாதையை விகுதியே பார்த்துக்கொள்கிறது. மாறாக 'மியோனிச்சி' என்று ஆரம்பித்து வெறும் 'இக்கு' என்று முடித்தால், பட்டு வேட்டிக்கு மேல் பனியனோடு நிற்கிற மாதிரி இருக்கும்.

பேச்சுவழக்குச் சொல் என்று ச்சோத்தோவை ஒதுக்கிவிடவும் முடியாது. சனிக்கிழமை வருகிறீர்களா என்று யாராவது கேட்டால், 'தொயோபி வா ச்சோத்தோ...' என்று இழுத்து நிறுத்தினால் போதும், வர முடியாது என்று அவருக்குப் புரிந்துவிடும். இந்த வேலைக்கு ஷோஷோ உதவாது.

இன்னொரு குழப்பமும் இதோடு தீர்ந்தது. 'கவு' என்றாலும் 'கோன்யூ சுரு' என்றாலும் வாங்குவதுதான். இரண்டாவதை மரியாதைச் சொல் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது எழுத்துச் சொல், சீன வேரிலிருந்து வந்தது. நாம் செருப்பு வாங்கினேன் என்போமே தவிர, கொள்முதல் செய்தேன் என்போமா? ஜப்பானியச் செய்தித்தாள்கள் இந்த மாதிரிச் சொற்களை அள்ளிப் போட்டு எழுதுகின்றன, ஆனால் செய்தி வாக்கியங்கள் மாஸில் முடிவதில்லை. கனமான சொல் வேறு, மரியாதை வேறு. இவற்றைக் கண்ணுக்கு என்று மூன்றாவது கட்டாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். கட்டு பெருகினால் படிப்பு குறையும், அதுதான் பயம்.

காதுக் கட்டில் எனக்குப் பிடித்தது ரயில் அறிவிப்பு: 'மமோனாக்கு, இச்சிபன்சென் நி தென்ஷா கா மைரிமாஸ்.' சற்று நேரத்தில் முதல் நடைமேடைக்கு ரயில் வருகிறது. இந்த 'மைரு' தன்னைத் தாழ்த்திக்கொண்டு வருவதற்கான சொல். ரயில் எதற்குப் பணிய வேண்டும்? அது யாருக்கும் பணியவில்லை, நடைமேடையில் நின்று கேட்கிற நமக்கு அறிவிப்பாளர் காட்டும் மரியாதை அது. மரியாதை மொழியை மூன்றாகப் பிரிப்பதுதான் பழைய வழக்கம். ஜப்பான் அரசின் கலாச்சார ஆலோசனைக் குழு 2007-இல் அதை ஐந்தாக்கியபோது, இந்த மைருவுக்குத் தனி வகை கொடுத்தது. அதைப் படித்த பிறகுதான் அறிவிப்பு எனக்கு உறுத்தாமல் காதில் இறங்கியது.

நாக்கு வளைய மறுப்பது வீட்டு உறவுகளில். உங்கள் அப்பா வருகிறார் என்றால் 'ஒதோசான் கா இரஷ்ஷாய்மாஸ்'. என் அப்பாவைப் பற்றி வெளியாளிடம் சொல்லும்போது மட்டும் 'சிச்சி கா மைரிமாஸ்' என்று இறக்கிச் சொல்ல வேண்டும். அலுவலகத்திலும் இதே கணக்குதான்: வாடிக்கையாளரிடம் பேசும்போது சொந்த முதலாளியின் பெயருக்குப் பின்னால் 'சான்' என்ற மரியாதை ஒட்டுக்கூடப் போடக் கூடாது. அப்பா வந்தார், சொன்னார் என்று யாரிடமும் மரியாதையோடே பேசி வளர்ந்த வாய்க்கு இது லேசில் படியாது. இந்த ஜோடியைக் காதுக் கட்டில் விட்டுவைக்க முடியாது, நானே பேச வேண்டியது. அதனால் அவ்வளவு மரியாதைச் சொற்களில் வாய்க் கட்டுக்கு முதலில் குடியேறியது சிச்சிதான். அம்மாவுக்கான 'ஹஹா' அடுத்து.

இப்போதைய நிலவரம்: என்னோடு இணையத்தில் பேசிப் பழகும் ஜப்பானியத் தோழி போன வாரம் 'தமெகுச்சி தெ ஈ யோ' என்றார். சமமான நண்பர்கள் மாதிரிப் பேசலாம், மாஸ் வேண்டாம் என்று அனுமதி. வார்த்தைகள் ஏற்கெனவே சாதாரணமானவை என்பதால் விகுதியை மட்டும் கழற்றினால் போதும். ஆனால் அந்த மாஸ் வாக்கியத்தின் பாதியில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அவர் சிரிக்கிறார், நான் தொடர்கிறேன்.