சாய்ந்த வாகையில் கிடைத்த பலகை

தாராபுரத்துக்கு வடக்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் நின்ற வாகை மரம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகாசிக் கடைசியில், இரண்டு நாள் மழையில் மண் இளகியிருந்த வேளையில் அடித்த காற்றுக்கு வேரோடு சாய்ந்தது. மறுநாள் காலையிலேயே விறகு வியாபாரி ஒருவர் வந்து, திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்கு அனுப்புவதாகச் சொல்லி டன் கணக்கில் விலை பேசினார். நானும் கொடுத்துவிடும் மனநிலையில்தான் இருந்தேன். அப்போது வந்த ஊர் ஆசாரி கோடரியின் பின்புறத்தால் அடியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போய், ஓசை மாறும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். “ஏனுங்க தம்பி, அடியில மூணடிக்குக் கூடு உழுந்திருக்குதுங்க. அதுக்கு மேல பதினோரடி வயிரம் நல்லா இருக்குது, அதைப் போயி வெறகுக்குத் தள்ளாதீங்க” என்றார். கூடு என்றால் உள்ளே பொந்து; வயிரம் என்றால் நடுவில் இருக்கும் உறுதியான மரம். மரச்செக்குச் செய்பவர் ஒருவரும் வாகை என்று கேள்விப்பட்டு வந்தார். ஆனால் உரலுக்கு வேண்டிய அடிமரமே கூடாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

விழுந்த மரத்தை அறுப்பது நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வேர்ப்பக்கமும் கிளைப்பக்கமும் தரையில் ஊன்றி, நடுமரம் அந்தரத்தில் நின்றதால், மேற்புறம் நெருக்குண்டும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருந்தது. மேலிருந்தே முழுவதும் அறுத்தால் ரம்பம் கடிபட்டு நின்றுவிடும் என்பதால், அறுப்பவர் மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்து, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி அறுத்தார். வேர் பெயர்ந்த குழிக்குள் ஆட்டுக்குட்டிகள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டிய பிறகுதான் அவர் மெஷினையே தொட்டார். மரம் துண்டான நொடியில், அதுவரை செங்குத்தாக நின்ற வேர்க்கட்டு பெருஞ்சத்தத்துடன் குழிக்குள் திரும்ப விழுந்தது.

இதற்குப் பிறகு நான் செய்த தவறுதான் அதிக நட்டத்தைத் தந்தது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் பட்டை வழியாக மெதுவாகவும், அறுபட்ட முனைகள் வழியாக மிக வேகமாகவும் வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும்போது உள்மரம் ஈரமாகவே இருப்பதால், முனையில் வெடிப்பு விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்றைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த அன்றே பழைய பெயிண்டையோ மெழுகையோ முனைகளில் தடித்துப் பூசியிருக்க வேண்டும். நான் கிரேனுக்கும், பட்டா நிலத்து மரம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குவதற்கும் அலைந்துவிட்டு ஐந்தாம் நாள் பூசினேன். அதற்குள் இருமுனையிலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது; பலகையான பிறகு ஒவ்வொரு முனையிலும் அரையடியைக் கழிக்க வேண்டியதாயிற்று.

மரம் அறுக்கும் மில்லில் மரத்தை நம் வழக்கப்படி கால் சுற்றளவுக் கணக்கில் அளந்தார்கள். நடுச்சுற்று 96 அங்குலம்; அதை நான்கால் வகுத்தால் 24; அதன் வர்க்கம் 576; 144ஆல் வகுத்து 11 அடியால் பெருக்கினால் 44 கன அடி. உருண்டையின் உண்மையான கன அளவு 56 கன அடி வரும். பட்டைக்கும் அறுவைக்கும் போகும் கழிவை இந்தக் கணக்கே ஏறத்தாழ விட்டுவிடுகிறது என்றாலும், எனக்குக் கடைசியில் தேறியது 27 கன அடிதான்.

ரம்பம் ஏறிய சிறிது நேரத்தில் கிறீச்சென்ற சத்தம் கேட்டு, பற்கள் உடைந்தன. என் அக்காவுக்குத் தூரி (ஊஞ்சல்) கட்ட அப்பா அடித்த இரும்புக் கொக்கியை மரம் முழுமையாக விழுங்கியிருந்தது. சுற்றிலும் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. கொக்கி இருந்தது எனக்குத் தெரியும், ஆனால் நினைவுக்கு வரவில்லை. பிளேடுக்கு நான் பணம் கொடுத்தது நியாயமே. வாகைத் தூள் தும்மலை வரவழைக்கும் என்று மில்காரர் முன்பே எச்சரித்திருந்தும், துண்டால் மூக்கைக் கட்டாமல் நின்று அன்று மாலைவரை தும்மினேன்.

பலகைகளை மாட்டுக்கொட்டகை நிழலில், காற்றோட இடைவெளிக்காக இரண்டடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர் சட்டம் வைத்து அடுக்கி, மேற்குப்பக்கம் தென்னந்தடுக்கு கட்டி, மேலே கல் பாரம் ஏற்றினேன். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு காய வேண்டும் என்பது ஆசாரியின் கணக்கு. ஆறாம் மாதம் அடுக்கின் கீழே மாவு சலித்ததுபோல் தூள் உதிர்ந்து கிடந்தது; மரத்தைத் துளைத்துத் தின்னும் உளுப்பூச்சி விழுந்திருந்தது. அது வெளுத்த வெளிமரத்தைத்தான் தின்றதே தவிர, பழுப்பேறிய வயிரத்தைத் தொடவில்லை. வெளிமரத்தை அறுத்த அன்றே கழித்திருந்தால் இந்தத் தொல்லை மிச்சமாகியிருக்கும். மரத்தின் குருத்து ஓடிய நடுப்பலகை நீளவாக்கில் பிளந்துபோனது. அது பிளக்கும் என்று ஆசாரி முன்பே சொல்லியிருந்தார்.

இந்த ஆண்டு சித்திரையில் இரண்டு அங்குலப் பலகைகளில் ஒரு சாப்பாட்டு மேசையும் திண்ணைக்கு ஒரு பெஞ்சும் செய்தோம். கறுப்புக் கறை படிந்த பலகையை ஆசாரி ஒதுக்கப் பார்த்தார். அக்கா கேட்டதால் அதையே பெஞ்சுக்குப் போட்டோம். மூன்று அங்குலப் பலகைகள் இரண்டு மட்டும் இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. அவற்றோடு அறுத்து, இருமுனையிலும் பெயிண்ட் பூசிய ஒரு துண்டை மாதந்தோறும் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். எடை குறைவது நின்ற பிறகே அவற்றில் கைவைப்பதாக இருக்கிறோம். சென்ற மாதத்துக்கு இந்த மாதம் முப்பது கிராம் குறைந்திருக்கிறது.