நிம்மதியாக ஒரு சிபாரிசு

“பிரிட்ஜ் புரோகிராமுக்குச் சிபாரிசு செய்யலாமே” என்று எங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பி.எச்டி. சேர்க்கைக் குழுவில் சொன்னது நான்தான். நேரே பி.எச்டி.யில் சேர்க்காமல், முதலில் ஓரிரு வருடம் படித்துத் தயாராகிவிட்டு வரச் சொல்லும் ஏற்பாடு அது. சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் இன்னும் உறுத்துகிறது.

விண்ணப்பித்த கறுப்பினப் பெண் படித்தது ஒரு சிறிய கல்லூரியில். இயற்பியலுக்கு ஆசிரியர்களே குறைவு. குவாண்டம் மெக்கானிக்ஸ் ஒரு செமஸ்டரோடு சரி. ஆராய்ச்சி பற்றிய பரிந்துரைக் கடிதங்கள் அபாரம், மேற்படிப்புச் சேர்க்கைக்கான இயற்பியல் ஜி.ஆர்.இ. தேர்வில் மதிப்பெண் சுமார். “பி.எச்டி.யில் சேர்ந்த பிறகு எழுத வேண்டிய தகுதித் தேர்வில் தாக்குப்பிடிப்பாரா?” என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பெண் உயர்ந்து, ஆய்வகப் பக்கமே போகாத இன்னொருவரைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பிரிட்ஜ் என்பது தட்டிக்கழிப்பு அல்ல. 2004 முதல், கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் முதுகலை முடித்து வாண்டர்பில்ட்டில் பி.எச்டி.க்குப் போகிறார்கள். அமெரிக்க இயற்பியல் சங்கமும் இப்படி ஒன்றை நடத்தியது. சேர்த்துக்கொண்டு, தேர்வில் தோற்கவிட்டு அனுப்புவது மட்டும் என்ன நீதி? சேர்க்கைக் கணக்கு அழகாக இருக்கும், பட்டம் இருக்காது.

சரி, ஆனால் கூடுதல் வருடங்கள் யாருடையவை? விட்டுப்போன பாடத்தை முதல் வருடத்தில் எங்களிடமே படிக்கட்டும் என்று முடிவெடுக்கப் பத்து நிமிடம் போதும். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற 2023 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகூட அதற்குத் தடையில்லை; இனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாமே. ஃபிஸ்க் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டாசன், இயற்பியலாளர் மில்லருடன் சேர்ந்து 2014இல் நேச்சர் அறிவியல் இதழில் ஜி.ஆர்.இ.யை வடிகட்டியாக வைக்காதீர்கள் என்று எழுதினார். நாங்கள் அவருடைய பிரிட்ஜை மட்டும் எடுத்துக்கொண்டோம், கட்-ஆஃபை விடவில்லை.

எனக்கும் அதில் பங்குண்டு. அமெரிக்க அறிவியல் துறைகளில் இந்தியர்களைக் குறைந்த பிரதிநிதித்துவம் உள்ளவர்களாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னை உள்ளே விட்டதே மதிப்பெண்தான். அதன் மேல் ஒரு விசுவாசம் இருக்கத்தானே செய்யும்!

அந்தப் பெண்ணை வேறொரு பல்கலைக்கழகம் நேரடியாகவே பி.எச்டி.யில் எடுத்துக்கொண்டதாம். விசாரித்தேன். அங்கே தனியாகத் தகுதித் தேர்வே கிடையாது, முதல் வருடப் பாடங்களின் கிரேடு போதும். நாமும் அப்படி மாறலாமா என்று துறைக் கூட்டத்தில் கேட்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் அந்தத் தேர்வுக்காக உட்கார்ந்து படித்த கோடையில்தான் எனக்கு இயற்பியலே பிடிபட்டது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.