மிட்செல் லைசனோடு ஒரு ஜூலை

2024 ஜூலை 7, ஞாயிறு

இந்த மாதம் பழைய ஹாலிவுட் இயக்குநர் மிட்செல் லைசனின் படங்கள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இன்று 'ஈஸி லிவிங்' (1937). நியூயார்க் கோடீஸ்வரர் ஒருவர் மனைவியோடு சண்டை போட்டு, அவளுடைய 58,000 டாலர் ஃபர் கோட்டை மாடியிலிருந்து வீசுகிறார். அது கீழே திறந்த மாடி பஸ்ஸில் போகிற நாயகி ஜீன் ஆர்தர் மேல் வந்து விழுகிறது. அந்தக் கோட்டைப் பார்த்தே ஊர் அவளைப் பணக்காரரின் ஆசைநாயகி என்று பேசத் தொடங்குகிறது. இருந்த வேலை போகிறது. ஓட்டல்காரர் அரண்மனை மாதிரி அறை கொடுக்கிறார். காசு போட்டால் சாப்பாடு வருகிற ஆட்டோமேட் கடைக்கு அவள் பசியோடு நுழையும்போதும் தோளில் அதே கோட்டு, கையில் சில்லறை. ஒரு துணி மனிதர்களின் குரலை எப்படி மாற்றுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் வேறு எனக்கு நினைவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

லைசன் 1919இல் இயக்குநர் செசில் பி. டிமில்லின் 'மேல் அண்ட் ஃபீமேல்' படத்தில் பாபிலோன் காட்சிக்கு நடிகை குளோரியா ஸ்வான்சனின் உடையை வடிவமைத்துத்தான் சினிமாவுக்குள் வந்தார். பிறகு நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் 'ராபின் ஹுட்', 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படங்களுக்கு உடைகள். டிமில்லிடம் கலை இயக்கம். 1933இல் பாராமவுண்ட் பட நிறுவனத்தில் இயக்குநர். பதினான்கு வருடம் துணியையும் செட்டையும் பார்த்துப் பழகிய கண்.

ஜூலை 14, ஞாயிறு

'மிட்நைட்' (1939). இரண்டாவது முறை பார்க்கிறேன், முதல் முறையைவிடப் பிடித்தது. மழை கொட்டும் இரவு, பாரிஸ் ரயில் நிலையம். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த நாயகி கிளாடெட் கோல்பெர்ட் எழுந்து இறங்குகிறாள். உடம்பில் தங்கமாய் மின்னும் மாலை உடை, கையில் ஒரு அடகுச் சீட்டு, வேறு எதுவும் இல்லை. வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. சூதாட்டத்தில் எல்லாம் போய்விட்டது என்று அந்த உடையே சொல்லிவிடுகிறது. பணக்காரர் வீட்டுக் கச்சேரிக்குள் அவள் அடகுச் சீட்டை அழைப்பிதழாக நீட்டி நுழையும்போது, அந்த உடை மட்டும் சுமாராக இருந்திருந்தால் வாசலிலேயே படம் முடிந்திருக்கும். நாமும் நம்பியிருக்க மாட்டோம். இதே கோல்பெர்ட்டுக்கு 1932இல் 'சைன் ஆஃப் த கிராஸ்' படத்தில் ரோமாபுரி மகாராணி உடை அமைத்தவரும் லைசன்தான். கோல்பெர்ட்டை எந்த வெளிச்சத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

ஜூலை 15, திங்கள்

'மிட்நைட்' எழுதியவர்கள் சார்லஸ் பிராக்கெட்டும் பில்லி வைல்டரும். வைல்டர் கடைசிவரை லைசனை மதிக்கவில்லை. திரைக்கதையைவிட உடையின் மடிப்பும் தையலும்தான் லைசனுக்கு முக்கியம் என்று ஏளனமாகவே பேசிவந்தார். அதையே பலரும் திருப்பிச் சொல்லி, லைசனின் பெயர் சினிமா வரலாற்றில் ஓரமாகப் போய்விட்டது. எனக்கு இது ஆறவே இல்லை. ஒரு கோட்டின் மேலும் ஒரு மாலை உடையின் மேலும் நிற்கிற இந்தக் கதைகளை, துணியைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஜூலை 20, சனி

'ஹோல்ட் பேக் த டான்' (1941). இதையும் எழுதியவர்கள் பிராக்கெட்டும் வைல்டரும்தான். அமெரிக்க விசாவுக்காக மெக்சிகோ எல்லையில் காத்துக் கிடக்கும் ஒரு அகதியின் கதை. சுவரில் ஊரும் கரப்பான் பூச்சியிடம் அவன், குடியேற்ற அதிகாரி மாதிரி விசா கேட்பதாக ஒரு காட்சி எழுதப்பட்டிருந்தது. பூச்சியிடம் பேச முடியாது என்றார் நாயகன் சார்ல்ஸ் போயர். லைசன் விட்டுக்கொடுத்தார், காட்சி போயிற்று. இங்கே நான் வைல்டர் பக்கம். 1934இல் மெக்சிகோ எல்லை ஊரான மெக்சிகாலியில் விசாவுக்குக் காத்திருந்தவர் அவரேதான்; அது அவருடைய சொந்த வலி. இந்தப் படத்துக்கு அடுத்த வருடமே 'த மேஜர் அண்ட் த மைனர்' படத்தில் தானே ஹாலிவுட் இயக்குநரானார். எழுத்தாளனின் கோபத்தை லைசன் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று: இந்தப் படத்தில் போயர் தன் கதையைச் சொல்லத் தேடிப் போகும் சினிமா இயக்குநராக லைசனே நடிக்கிறார்.

ஜூலை 24, புதன்

'லேடி இன் த டார்க்' (1944). மனம் ஒட்டவில்லை. நாயகி ஜிஞ்சர் ரோஜர்ஸின் மிங்க் ரோமப் பாவாடை, உள்பக்கம் முழுக்க ஜிகினா. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகுதான், ஆனால் அது கதையில் எதையும் நகர்த்தவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி 'ஈஸி லிவிங்' கோட்டுக் காட்சியைப் போட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946). வார்னர் பட நிறுவனத்தை நீதிமன்றத்தில் வென்று வெளியே வந்த ஒலிவியா டி ஹாவிலண்ட் நடித்த படம். குண்டு விழும் லண்டனில், காவல் பணியில் இருக்கும் நடுவயதுப் பெண்ணாக முதலில் வருகிறாள். கனத்த உடுப்பு, முகத்தில் சிரிப்பில்லை. பிறகு படம் பின்னால் போகிறது. அமெரிக்கச் சிற்றூரில் லேசான உடையில் ஒரு இளம்பெண், முதல் உலகப் போர், ஊருக்குச் சொல்ல முடியாத ஒரு குழந்தை. வருடங்கள் ஏற ஏற உடை இறுகுகிறது, தோள் விறைக்கிறது, நடை மாறுகிறது. எங்கே மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. லைசனுக்கு இயக்குநர் பரிந்துரை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

அடுத்து 'ரிமெம்பர் த நைட்'. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதியது.