தில்லி லோதி சாலை: தெற்கு வெயிலும் மேற்கு வெயிலும்

தில்லிக்கு வரும் நம்மூர்க்காரர்கள் லோதி தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையில் இன்னும் கிழக்கே நடந்தால் இந்தியா ஹாபிடாட் சென்டர். கட்டிட முகப்பில் அக்கறை உள்ளவர்கள் அரை நாள் ஒதுக்க வேண்டிய இடம். ஜோசப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்தது. 1993இல் கட்டி முடிந்தது. செங்கல் கட்டிடங்களுக்கு நடுவே முற்றங்கள். அண்ணாந்து பார்த்தால் வரிசையாக நீலத் தகடுகள். கோடை வெயிலை மறித்து, குளிர்கால வெயிலைக் கீழே விடும்படி சாய்த்திருக்கிறார்கள். மோட்டார் இல்லாமலே இது நடக்கிறது.

காரணம் தில்லியின் அட்சரேகை. சென்னை 13 பாகை. ஜூனில் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். தில்லி 28.6 பாகை, வருடம் முழுக்க உச்சிவெயில் தெற்கேதான். ஜூனில் அடிவானத்திலிருந்து 85 பாகை உயரம், டிசம்பரில் 38. ஒன்றரை மீட்டர் உயரத் தெற்கு ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டி 82 செ.மீ. சன்ஷேடு போட்டால் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் வெயில் கண்ணாடியில் படாது. டிசம்பரில் பாதிக்கு மேல் படும். ஊர் வழக்கத்தில் இரண்டடியோடு நிறுத்தினால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் 40 செ.மீ. வெயிலில் காயும்.

மேற்குச் சுவர் வேறு கதை. ஜூனில் மூன்றே முக்காலுக்கு மேல் சூரியன் 45 பாகைக்குக் கீழே இறங்கிவிடும், சன்ஷேடு எட்டாது. திருப்பக்கூடிய லூவருக்கு, அதாவது வெயில் மறிக்கும் தகடு வரிசைக்கு, பணம் போடுவதானால் இங்கே போடுங்கள், அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. தகட்டின் அகலமும் இடைவெளியும் சமமானால், கிடையாக இருக்கும்போது 45 பாகைக்கு மேலுள்ள வெயிலை மறிக்கும். வெயில் அதற்குக் கீழே இறங்கினால் தகட்டைச் சாய்த்தாக வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் முனைகளில்தான். மூன்று மீட்டர் அலுமினியத் தகடு 50 டிகிரி வெப்ப மாற்றத்தில் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கினால் வளைந்து சிக்கிக்கொள்ளும். ஒரு முனையில் நீள்துளை அவசியம். தகடு இரும்பு பிராக்கெட்டை நேரடியாகத் தொட்டால் மழைக்காலத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவே நைலான் வாஷர் வையுங்கள். ஒரே தண்டில் நிறையத் தகடுகளை மாட்டாதீர்கள், ஒன்று சிக்கினாலும் மோட்டார் திணறும். மே மாத ஆந்தி (புழுதிப் புயல்) கொண்டுவரும் புழுதியையும் புறாக்கூட்டையும் எடுக்க, கண்ணாடிக்கும் லூவருக்கும் நடுவே ஆள் நுழைய 60 செ.மீ. விடுங்கள். வீட்டுக்கு மோட்டார் வேண்டாம், தகட்டைத் திருப்பக் கைப்பிடியே போதும்.

சாலை முடியும் நிஜாமுதீன் பக்கம் ஹுமாயூன் கல்லறை. நாலு மணிக்கு மேல் மேற்குக் கல்ஜாலியை (துளையிட்ட கல்திரையை) உள்ளிருந்து பாருங்கள். தரையில் விழும் வெளிச்சக் கட்டங்கள் நேரம் ஆக ஆக நீண்டுகொண்டே உள்ளே வரும்.