ஜூன் 15-க்கு அப்புறம் யார் பார்ப்பது?

ஏப்ரல் 17, வியாழன்

விசைப்படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருடம் முழுக்கப் பாதித் தூக்கத்திலேயே திரியும் என் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுவது இந்த இரண்டு மாதம்தான்.

கரையேற்றிய படகு ஒன்றின் அடியில், நிழல் பார்த்து, ஊர் நாய் குட்டி போட்டிருக்கிறது. சின்னவன் முதலில் பார்த்துவிட்டு வந்தான். அப்புறம் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றார்கள். "ஒண்ணே ஒண்ணு வளர்ப்போம்மா" என்றான் அவன். "நாய்க்கு என்ன பெரிய செலவு? மிஞ்சுற மீனும் சோறும்தானே" என்றார் இவர்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இன்னும் கண் திறக்காத குட்டிகள். தாயிடம் எட்டு வாரமாவது பால் குடிக்க வேண்டும். அந்த எட்டு வாரம் முடிவதும் தடை முடிவதும் ஏறக்குறைய ஒரே நேரம். ஆக, குட்டி வீட்டுக்கு வரும் வாரம் இவர் கடலில் இருப்பார். இந்த வீட்டில் வாயால் பேசினால் என் பேச்சு எடுபடாது. எழுதி வைத்தால் எடுத்துக் காட்டலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அத்தையிடம் கேட்டேன். பகலில் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். நான் விடியற்காலையில் கடல்பாசி வளர்க்கும் வேலைக்குப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவேன். மூங்கில் மிதவையில் கட்டிய பாசி 45 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். அறுப்பு நாளில் மதியம்கூட வீடு வந்து சேர முடியாது.

அத்தை சின்ன வயதில் நாய்க்கடி பட்டவர். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் அது. அந்தக் கதையை இன்றும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறார். இப்போது அப்படியில்லை, கையில்தான் போடுகிறார்கள், கடித்த அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நான் விளக்கினேன். "ஊசி குறைஞ்சா பல்லு குறையுமா?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மே 2, வெள்ளி

வெள்ளாட்டுக்கு வயிற்றுப்போக்கு. கால்நடை மருந்தகம் போன இடத்தில் நாய்க்குட்டி பற்றியும் கேட்டுவிட்டேன். கூட்டம் இல்லாததால் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி. அதை மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாதம் ஆகும்வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அது வருடா வருடம். கூட்டுத் தடுப்பூசியை நாங்கள் வெளியில் காசு கொடுத்து வாங்கி வர வேண்டியிருக்கும். இதெல்லாம் முடியும்வரை குட்டியை ஊர் நாய்கள் புழங்கும் மண்ணில் விடக் கூடாதாம். பார்வோ என்று ஒரு கிருமி, மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம். ரத்தபேதி கண்டால் சின்னக் குட்டி ஓரிரு நாளில் போய்விடும். எங்கள் ஊரில் நாய் புழங்காத மண் எது என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். வாசலைத் தாண்டினாலே கடற்கரை.

"மிஞ்சுற மீன் போதும்னு வீட்டுல சொல்றாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாளை, நெத்திலி மாதிரி மீனைப் பச்சையாகவே தினமும் போட்டால் ஒரு வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கும். வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து போடலாம். குழம்பு மீன் ஆகாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்குச் சேராது. எல்லாவற்றையும்விடப் பயம் பேத்தை மீன். வலையில் வரும் பேத்தையைக் கரையிலேயே வீசிவிட்டுப் போவது இங்கே வழக்கம். அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது, முறிக்க மருந்தும் கிடையாது. தூண்டில் முள், தூண்டில் நரம்புத் துண்டு, கெளுத்தி முள் என்று கரையில் கிடக்கும் மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டால், கடற்கரை நாயைக் கட்டுப்பாடு இல்லாமல் விடுவது எப்படி என்றே தெரியவில்லை.

ஆட்டுக்கு மருந்து கொடுத்தார். அது தேறிவிடும்.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். மதியம் மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடக்கச் சொன்னேன் சின்னவனை. நாலாவது அடியில் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடிவந்தான். நாய்க்கும் பாதம் தோல்தான். நமக்காவது உடம்பு முழுக்க வேர்க்கும். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். எங்கள் வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை. பகலில் நாங்களே அங்கே உட்காருவதில்லை.

மே 13, செவ்வாய்

கொழுந்தன் வந்திருந்தார். "நாய் எதுக்கு அண்ணி, ஒரு பச்சைக்கிளி வாங்கித் தரேன், கூண்டுலயே கிடக்கும்" என்றார். நம்மூர்க் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் வருட வனஉயிரினச் சட்டப்படி குற்றம் என்று பெரியவள் பாடம் எடுத்தாள். நட்சத்திர ஆமையும் அப்படித்தானாம். மன்னார் வளைகுடாப் பக்கத்தில் இருந்துகொண்டு கடல் அட்டையையும் கடல் குதிரையையும் தொடக் கூடாது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கிறது, தோப்பில் கத்தும் கிளியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

கீழக்கரையில் இருக்கும் என் சிநேகிதி பூனைதான் நல்லது என்கிறாள். அவள் வீட்டில் மூன்று பூனை இருக்கிறது. எங்கள் கொல்லையில் கருவாடு காய்கிறது. அந்தப் பேச்சை அதோடு விட்டாயிற்று.

மே 24, சனி

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதில் எதற்கெல்லாம் போனது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். நாய்க்கு என்று ஒதுக்க அதில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பணத்தைவிட எனக்குத் தண்ணீர்தான் யோசனை. கிணறு உப்பு. குடிக்கும் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். வளர்ந்த நாய்க்குக் குடிக்கவே கோடையில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். "ஒரு லிட்டருக்கா யோசிக்கிற?" என்று இவர் சிரித்தார். குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கி வருகிறவளுக்கு ஒரு லிட்டரின் கனம் தெரியும்.

அப்புறம் ராமேஸ்வரம் சாலை. சுற்றுலா வண்டிகள் போகும் வேகத்தில், அவிழ்த்துவிட்ட நாய் எத்தனை வருடம் தாங்கும்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கக் கூடிய உயிர். பன்னிரண்டு வருடத்தில் சின்னவன் எங்கேயோ வேலையில் இருப்பான், பெரியவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். கிழட்டு நாயும் நானும்தான் மிஞ்சுவோம்.

வேலி வேண்டும். வேலி இல்லாமல் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டு ஆடுகளை ஒரு நாள் துரத்தினாலும் போதும், பத்து வருட உறவு போய்விடும்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நேற்று முதல் ஒரு ஒத்திகை வைத்திருக்கிறேன். நாய் இல்லாமலே நாய் வளர்ப்பது. காலை ஆறு மணிக்கு எழுந்து வாசல் ஓரத்தைச் சின்னவன் கூட்டித் தள்ள வேண்டும், ஒரு சட்டியில் தண்ணீர் மாற்றி வைக்க வேண்டும், ஒரு நடை நடந்துவிட்டு வர வேண்டும். சாயங்காலமும் அதே. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை தீனி. நடு வேளை இரண்டும் அத்தை தலையில். அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இடிப்பதை நிறுத்தவில்லை.

அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஒத்திகையில் காலை வேலையை அவன் ஓரளவு ஒழுங்காகவே செய்கிறான், நானே எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் கிரிக்கெட் வந்துவிட்டால் சட்டி காய்ந்து கிடக்கிறது. அவனுடைய பங்கை அப்பா சத்தமில்லாமல் செய்துவிடுவதையும் பார்த்தேன். "அடுத்த வாரம் யார் செய்வாங்க?" என்று கேட்டதும் அவர் வலை முடிச்சில் மூழ்கிவிட்டார்.

குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஐஸ் கம்பெனி காவலாளி ஒன்றை எடுத்துக்கொண்டார். வருகிற எல்லாருக்கும் கடுவன்தான் வேண்டும். பெட்டைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கிவிடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு ஈத்து, அதை யார் பார்ப்பது என்று பயம். ஆறு மாதத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாங்கள் எப்போது வளர்த்தாலும் பெட்டைதான் என்று அன்றைக்கே மனதில் முடிவு செய்துகொண்டேன். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதை எடுத்தால்தான் எடுத்ததற்கு அர்த்தம்.

ஜூன் 16, திங்கள்

இன்று காலை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு படகு போய்விட்டது. இனித் திங்கள், புதன், சனி கடலுக்குப் போவார். போனால் மறுநாள்தான் கரை. வந்து மீனை இறக்கிவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

மறுநாள் என்பதும் நம் கையில் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்படி ஒரு நாள் வந்தால் நான் கலெக்டர் ஆபீசுக்கும் வக்கீலுக்கும் அலைவேனா, நாய்க்குச் சோறு பிசைவேனா? இவரை நம்பி எந்த உயிரையும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. என்னையும் அத்தையையும் நம்பித்தான் கொண்டுவர வேண்டும். நானும் அத்தையும் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

இந்தக் குட்டி வேண்டாம் என்று நேற்று இரவு சொல்லிவிட்டேன். இவர் எதிர்த்துப் பேசவில்லை. தூக்கக் கலக்கத்தில் "உன் இஷ்டம்" என்றார். சின்னவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான், காலையிலும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் வாசலைக் கூட்டியிருந்தான்.

சாயங்காலம் தானாக வந்து கேட்டான். "அப்போ அடுத்த தடைக்காலத்துக்கா?"

"தடைக்காலத்துல கிடையவே கிடையாது. மழை முடிஞ்சு தை மாசம், அப்பா கடலுக்குப் போய்க்கிட்டு இருக்கும்போது. வேலி போட்டிருக்கணும். பெட்டைக் குட்டிதான். அதுவரைக்கும் நீ கூட்டுறது நிக்கக் கூடாது."

உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. "மதியத் தீனி ஒரு வேளைதான் என்னால முடியும். ரெண்டு வேளை முடியாது."

கம்பி வேலி அடி என்ன விலை என்று நாளை உச்சிப்புளியில் கேட்டுவிட்டு வர வேண்டும்.