ஒரே பிளான், மூன்று தாள்: லேயரும் லைன் டைப்பும் செய்து பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டின் பிளானை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரையும் வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளம் முழுவதையும் அளந்து ஏற்றியாயிற்று. கொத்தனாருக்கு ஒரு தாளும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு தாளும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாயிற்று. பிளம்பர் தாள் மட்டும் பாதியில் நிற்கிறது. கோடு போடுவது என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது. எந்தக் கோடு எந்த லேயரில் (தேவைப்படும்போது காட்டவும் மறைக்கவும் முடிகிற அடுக்கில்) இருக்க வேண்டும், லைன் டைப்பில் எது முழுக்கோடு, எது விட்டு விட்டு வரும் கோடு என்று தீர்மானிப்பதில்தான் மாலை நேரமெல்லாம் போனது.

மனை 30க்கு 40 அடி. அதாவது 9144க்கு 12192 மில்லிமீட்டர். 1:50 அளவில் எடுத்தால் தாளில் ஏறக்குறைய 183க்கு 244 மில்லிமீட்டர் வரும். ஏ3 தாளில் அளவுக்கோடுகளோடு சேர்த்துத் தாராளமாக உட்காரும். வீட்டில் பேச்சு எல்லாம் அடியிலும் அங்குலத்திலும்தான், கோப்பில் மட்டும் மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் 230, நாலரை அங்குலச் சுவர் 115.

லேயர் பட்டியலை முதலில் பொருள் வாரியாகப் போட்டிருந்தேன்: சுவர், கதவு, ஜன்னல், படி, ஒயரிங், குழாய். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். புது வீட்டுக்கு அது போதும். இருக்கிற வீட்டில் ஒரு சுவரை இடித்து, இன்னோர் இடத்தில் சுவர் எழுப்பப் போகிறோம் என்றால் போதாது. சுவர் என்று ஒரே லேயர் இருந்தால், இடிக்கப் போகும் சுவரை மட்டும் தனியே காட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது. அதனால் சுவர்-பழையது, சுவர்-இடிப்பது, சுவர்-புதியது என்று மூன்றாகப் பிரித்தேன். கதவுக்கும் அதே போல. பெயரின் முதல் பகுதி ஒன்றாக இருப்பதால் பட்டியலில் அடுத்தடுத்து வரும். தேடும் கட்டத்தில் ‘சுவர்’ என்று அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட்டால் மூன்றும் வந்து நிற்கும்.

லேயர் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், பிரச்சினை இல்லை. படத்துக்குள் எழுதும் எழுத்தில்தான் கவனம் வேண்டும். ஆட்டோகேடோடு வரும் எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, கேள்விக்குறிகளாக வரும். டெக்ஸ்ட் ஸ்டைலில் நிர்மலா போன்ற ட்ரூடைப் எழுத்துருவைக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது லேயர் பிரிப்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதைப் பார்க்க வேண்டியவர் யார், பார்க்க வேண்டாதவர் யார்? இரண்டு பொருள்கள் எப்போதும் சேர்ந்தே தெரிந்து சேர்ந்தே மறையும் என்றால் அவற்றுக்கு ஒரே லேயர் போதும். கதவுச் சட்டத்துக்கும் கதவு திறக்கும் வளைவுக்கும் தனித்தனி லேயர் எதற்கு? ஆனால் சுவிட்ச் போர்டையும் அதன் உயரம் எழுதிய குறிப்பையும் பிரித்தே வைத்திருக்கிறேன். போர்டு எங்கே வருகிறது என்று கொத்தனாருக்கும் தெரிய வேண்டும், சுவரில் காடி எடுக்கிறவர் அவர். உயரக் குறிப்பு எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் போதும்.

இந்தப் பிரிப்பின் பலன் லேஅவுட், அதாவது பிரிண்டுக்கான தாள் பக்கத்துக்குப் போகும்போதுதான் தெரிகிறது. நிஜ அளவில் வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் பிளான் ஒன்றே ஒன்று. மூன்று லேஅவுட், ஒவ்வொன்றிலும் அந்தப் பிளானைக் காட்டும் சட்டமாக ஒரு வியூபோர்ட். வியூபோர்ட்டுக்குள் நுழைந்து, லேயர் பட்டியலில் அந்த வியூபோர்ட்டுக்கு மட்டும் ஃப்ரீஸ் செய்யும் (லேயரை மறைக்கும்) கட்டத்தைத் தட்டினால், எலக்ட்ரீஷியன் தாளில் குழாய் இருக்காது, பிளம்பர் தாளில் ஒயர் இருக்காது. அதற்குப் பக்கத்திலேயே வியூபோர்ட்டுக்கு மட்டுமான நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. எலக்ட்ரீஷியன் தாளில் சுவர் லேயர்களை அங்கே சாம்பல் நிறமாக்கிவிட்டேன். கொத்தனார் தாளில் அதே சுவர் நல்ல கறுப்பு. ஜன்னலை ஓர் அடி தள்ளினால் மூன்று தாளிலும் தள்ளிவிடும். டிரேசிங் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மையில் வரைந்த காலத்தில் இதற்காகத்தான் அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

ஃப்ரீஸ், ஆஃப் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. ஆஃப் செய்த லேயர் கண்ணுக்குத்தான் தெரியாது. ஈரேஸ் கொடுத்து ‘ஆல்’ என்று தேர்ந்தெடுத்தால் அதில் இருப்பதும் சேர்ந்து அழியும். ஃப்ரீஸ் செய்ததும் லாக் செய்ததும் தப்பிக்கும். வரைந்தது முழுவதையும் திரைக்குள் கொண்டுவரும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுக்கும்போதும் ஆஃப் லேயரில் இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஃப்ரீஸ் ஆனதை எடுக்காது. கொஞ்ச நேரத்துக்கு மறைக்க ஆஃப், மற்ற எல்லாவற்றுக்கும் ஃப்ரீஸ் என்பது என் பழக்கம். வரைந்துகொண்டிருக்கும் லேயரை மட்டும் ஃப்ரீஸ் செய்ய விடாது.

சரி, லைன் டைப்புக்கு வருவோம். பிளான் என்பது தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேலிருந்து கீழே பார்ப்பது. பரண், பீம், சன்ஷேடு எல்லாம் அந்த வெட்டுக்கு மேலே இருப்பதால் விட்டு விட்டு வரும் கோடாகக் காட்டுகிறோம். நானும் ஹிட்டன் என்ற லைன் டைப்பைக் கொடுத்தேன். திரையில் முழுக்கோடாகவே நின்றது, பிரிண்டிலும் அப்படியே.

காரணம் வெறும் கணக்கு. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் (புதுக் கோப்பைத் தொடங்கும் மாதிரிக் கோப்பில்) ஹிட்டன் என்பது 6.35 அலகுக் கோடு, 3.175 அலகு இடைவெளி. வீடோ நிஜ அளவில், ஓர் அலகு ஒரு மில்லிமீட்டர் என்று வரைந்தது. 1:50க்குச் சுருக்கும்போது 6.35 என்பது 0.127 ஆகிவிடும். கோட்டின் தடிமனே 0.18 மில்லிமீட்டர் இருக்கும்போது அதன் பாதிகூட இல்லாத இடைவெளி எங்கே தெரியப்போகிறது? எல்டிஸ்கேல் என்ற ஒரு எண்ணை மாற்றினால் எல்லா லைன் டைப்பும் அந்த மடங்குக்கு நீளும். 50 என்று கொடுப்பது பழைய வழி. லேஅவுட் வைத்து வேலை செய்தால் அது வேண்டாம். தாளிலும் மாடல் ஸ்பேஸிலும் லைன் டைப்பை அளவுக்கேற்ப நீட்டும் பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் இரண்டையும் 1 என்று வைத்து, மாடல் ஸ்பேஸின் அனொட்டேஷன் ஸ்கேலை 1:50 ஆக்கி, எல்டிஸ்கேலை 1க்குக் கொண்டுவந்தால் தாளில் சரியாக 6.35 மில்லிமீட்டர் கோடு விழும். வீட்டு பிளானுக்கு அது கொஞ்சம் நீளம். 0.5 கொடுத்தேன், 3.175 ஆயிற்று, பார்க்க நன்றாக இருக்கிறது. மாற்றிய பிறகு திரையைப் புதுப்பிக்கும் ரீஜென்ஆல் கட்டளையைக் கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் பழைய கோடே திரையில் நின்று நம்மைக் குழப்பும்.

வேறொருவர் கொடுத்த கோப்பில் இந்தக் கணக்கு ஒத்து வரவில்லை என்றால் டெம்ப்ளேட்டைப் பார்க்க வேண்டும். அங்குல டெம்ப்ளேட்டில் ஹிட்டன் 0.25 அலகுதான், 25.4 மடங்கு சின்னது. எனக்கு வந்த பழைய மாடிப் படம் ஒன்று அப்படித்தான் இருந்தது. போதாக்குறைக்கு எல்லாமே கோப்பில் முதலிலேயே இருக்கும் ஜீரோ லேயரில், நிறம் மட்டும் கையால் மாற்றி மாற்றிப் போட்டது. செட்பைலேயர் கட்டளை அந்த நிறங்களை ஒரே தடவையில் கழற்றிவிட்டது. லேயர் பிரிக்கும் வேலையைத்தான் உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருந்தது. வரையும்போதே நிறம், லைன் டைப், தடிமன் மூன்றையும் பைலேயர் (லேயரில் உள்ளபடி) என்று விட்டுவிட்டால் இந்தத் தலைவலியே வராது.

ஜீரோ லேயருக்கென்று நல்ல உபயோகம் ஒன்று உண்டு. பிளாக், அதாவது திரும்பத் திரும்பச் செருகும் குறி, செய்வதற்கு அதுதான் இடம். ஃபேன் குறியை ஜீரோவில் வரைந்து பிளாக் ஆக்கினால், எந்த லேயரில் செருகுகிறோமோ அதன் நிறத்தையும் கோட்டையும் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் ஃபேனும் புதிதாகப் போடும் ஃபேனும் ஒரே பிளாக்தான், லேயர் மட்டும் வேறு.

கொத்தனார் தாளில் இன்னொரு சிக்கல். தலைக்கு மேலே இருக்கும் பரணும் விட்டுக் கோடு, தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பும் விட்டுக் கோடு. பார்க்கிறவருக்கு எது மேலே, எது கீழே? சம்ப்புக்கு டாஷ்டு கொடுத்தேன். என் ஸ்கேலில் அது 6.35 கோடு, 3.175 இடைவெளி, பரணைப் போல இரண்டு மடங்கு. அதையும் இரட்டிப்பாக்கும் டாஷ்டு எக்ஸ்2 இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் சம்ப் 5க்கு 6 அடி, தாளில் 30க்கு 37 மில்லிமீட்டர்தான். அந்த நீளத்தில் இரண்டு கோடு விழுவதே பெரிது, பெட்டி போலவே தெரியாது. அதனால் டாஷ்டோடு நிறுத்திக்கொண்டு, தடிமனை 0.35 ஆக்கி, உள்ளே ‘சம்ப், தரைக்குக் கீழ்’ என்று எழுதிவிட்டேன். லைன் டைப் ஒன்றாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

தடிமனைப் பொறுத்தவரை வெட்டுப்பட்ட சுவருக்கு 0.5, கதவு ஜன்னலுக்கு 0.25, அளவுக்கோட்டுக்கு 0.18 என்று வைத்திருக்கிறேன். 0.13 என்று ஒன்று இருக்கிறது, வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் எடுத்தால் பாதி காணாமல் போகும். சைட்டில் கையில் இருப்பது எப்போதும் நகல்தான்.

எலக்ட்ரீஷியன் தம்பி தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “சார், இதுல எது சீலிங்குல போவுது, எது சுவத்துல போவுது?” எல்லா ஒயரிங் கோட்டையும் ஒரே மாதிரி போட்டிருந்தேன். நியாயமான கேள்வி. பைப் கான்கிரீட்டுக்குள் போனால் தளம் போடும் முன்பே படுக்க வேண்டும், சுவரில் என்றால் பூச்சுக்கு முன்பு காடி எடுத்தால் போதும். அவருக்கு அது வேறு நாள், வேறு வேலை. மின்-தளம், மின்-சுவர் என்று லேயரைப் பிரித்து, தளத்தில் போவதை விட்டுக் கோடாகவும் சுவரில் போவதை முழுக்கோடாகவும் ஆக்கினேன். ஓரத்தில் இரண்டுக்கும் குறி விளக்கம் வைத்தேன்.

பிளம்பர் தாளில் வேறு மாதிரி தொந்தரவு. கழிவுநீர்க் குழாயைப் பாலிலைனாக, பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடாக, போட்டேன். நேராகப் போகிற இடத்தில் விட்டுக் கோடு சரியாக வந்தது, வளைவில் மட்டும் முழுக்கோடு. பாலிலைன் ஒவ்வொரு முனையிலும் லைன் டைப்பைப் புதிதாகத் தொடங்குகிறது. வளைவில் ஒவ்வொரு துண்டும் 200 மில்லிமீட்டர், தாளில் 4 மில்லிமீட்டர். ஒரு கோடும் ஓர் இடைவெளியும் உட்கார அந்த இடம் போதாது என்றால் துண்டு முழுவதும் நிரம்பிவிடும். பிராப்பர்ட்டீஸில் லைன்டைப் ஜெனரேஷன் என்பதை எனேபிள் செய்தால், முதல் முனையிலிருந்து கடைசி முனைவரை ஒரே ஓட்டமாக எண்ணிப் போடும். வளைவும் சரியாயிற்று. அதன் பிறகும் முழுக்கோடாகத் தெரிந்த ஓரிடத்தில் ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு படுத்திருந்தது. ஒன்றின் இடைவெளியை மற்றொன்று அடைத்துவிடும். ஓவர்கில் கொடுத்ததும் இரட்டிப்பு போயிற்று.

வெந்நீர்க் குழாய்க்குத் தனியே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டின் நடுவே எழுத்து வரும் லைன் டைப்புகள் கூடவே வருகின்றன, வெந்நீருக்கு ஒன்று, கேஸ் குழாய்க்கு ஒன்று. வரையறை வெறும் டெக்ஸ்ட் கோப்புதான், நோட்பேடில் திறந்து பார்க்கலாம். சென்டர் என்றால் 31.75, -6.35, 6.35, -6.35. பிளஸ் எண் என்றால் பேனா கீழே, மைனஸ் என்றால் பேனா மேலே, பூஜ்ஜியம் என்றால் ஒரு புள்ளி. இது புரிந்த பிறகு சொந்தமாக ஒன்று எழுதினேன்: 6, -2, 0, -2, 0, -2. ஒரு கோடு, இரண்டு புள்ளி.

அதை வைத்திருப்பது அளக்காத இடங்களுக்கு. சமையலறைத் தொட்டியிலிருந்து பின்பக்கச் சேம்பர் வரை குழாய் எப்படிப் போகிறது என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. டைல்ஸ் போட்டு மூடியாயிற்று. குழாய்-ஊகம் என்று ஒரு லேயர் போட்டு, போகலாம் என்று தோன்றும் வழியை அதில் வரைந்திருக்கிறேன். அளந்த கோட்டோடு ஊகத்தைக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை, வரைந்த எனக்கே மறந்துவிடும். பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வந்து சேம்பரைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சரியாக இருந்தால் அந்தக் கோடுகளைத் தேர்ந்தெடுத்து லேயரை மாற்றினால் போதும், லைன் டைப் தானாக மாறிவிடும். இல்லையென்றால் அழித்துவிட்டு டேப்போடு மறுபடி உட்கார வேண்டியதுதான்.