கம்ப்யூட்டரை 5.1 ஆம்ப்போடு சேர்த்த கதை

எங்கள் வீடு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ரயில் போகும்போது படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் வேறு. சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சி காதைக் கிழிக்கும், பேச்சு மட்டும் அமுங்கியே இருக்கும். 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் கனத்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் தனித்தனி ஒலி தரும் முறையில், வசனம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அதை மட்டும் ஏற்றி வைத்தால் அம்மா நிம்மதியாகப் படம் பார்ப்பார் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாமா கொடுத்தது, பெரம்பூரில் ஒரு மெக்கானிக் அசெம்பிள் செய்தது. பின்னால் ஆறு ஆர்சிஏ சாக்கெட் (டிவியில் சிவப்பு, வெள்ளை பின் செருகுவோமே, அந்த வகை), முன்னால் சென்டருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனி வால்யூம். சுருக்கிய ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்துத் தரும் டீகோடர் உள்ளே கிடையாது. ஆப்டிகல் ஒயர் வாங்கலாமா என்று யோசித்து, இதனால்தான் விட்டுவிட்டேன். ஆப்டிகலில் 5.1 வருவது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய வடிவத்தில் மட்டுமே. அதைப் பிரிக்க ஆம்ப்பில் டீகோடர் வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உள்ள பச்சை சாக்கெட்டிலிருந்து ஒரே ஒயர் எடுத்து, ஒய் பின் போட்டு எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துவிட்டேன். ஐந்திலும் சத்தம் வந்தது, ஆனால் ஐந்திலும் அதே ஸ்டீரியோதான். அது 5.1 இல்லை.

அப்புறம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், ஒரு முனையில் 3.5 எம்எம் பின், மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின் உள்ள ஒயர் மூன்று வாங்கினேன். என் மதர்போர்டில் பின்னால் மூன்றே சாக்கெட்: பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. நீலம் லைன் இன் (வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவது), இளஞ்சிவப்பு மைக் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் ஒலியைக் கவனிக்கும் ரியல்டெக் சாஃப்ட்வேரில் 5.1 ஸ்பீக்கர் என்று மாற்றியதும் அந்த இரண்டுமே அவுட்புட் ஆகிவிட்டன. பச்சை முன் ஸ்பீக்கர்கள், நீலம் பின் ஸ்பீக்கர்கள், இளஞ்சிவப்பு சென்டரும் சப்பும். ஆறு சாக்கெட் உள்ள போர்டு என்றால் பின் ஸ்பீக்கருக்குக் கறுப்பும் சென்டர், சப்புக்கு ஆரஞ்சும் தனியாகவே இருக்கும்.

படம் போட்டேன். அம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "என்னடா, எல்லாரும் கிணத்துக்குள்ள இருந்து பேசுறாங்க" என்றார். எனக்கு விடை கிடைத்ததே அந்த வார்த்தையில்தான். வசனம் முழுக்க சப்வூஃபருக்குப் போய்க்கொண்டிருந்தது. அது கனத்த சத்தத்தை மட்டும் விடும், மற்றதை வடிகட்டிவிடும். இளஞ்சிவப்பு ஒயரின் சிவப்பு, வெள்ளை பின்களை ஆம்ப்பில் இடம் மாற்றிச் செருகினேன். பேச்சு பளிச்சென்று வந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் செட்டிங்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் அந்த இரண்டு பின்னையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். இதற்குத்தான் ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. ஆம்ப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொன்னார் தெரிந்தவர் ஒருவர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே கசிவு வந்தால் இரும்புப் பெட்டியைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். கம்ப்யூட்டரும் ஆம்ப்பும் வேறு வேறு சுவரில் இருந்ததால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டேன். கொஞ்சம் குறைந்தது. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, மறுபடி போட்டுக் கேட்டேன். செட்டாப் பாக்ஸுக்குத் தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒயரை எடுத்ததும் இரைச்சல் அடியோடு நின்றது. கம்ப்யூட்டர் ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியோடும், டிவி செட்டாப் பாக்ஸோடும் சேர்ந்திருக்கிறது. கம்பத்து எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரே அளவில் இல்லாததால் அந்த வழியே மின்சாரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது படம் பார்க்கும்போது அந்த ஒயரைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

யூடியூப் பெரும்பாலும் ஸ்டீரியோ என்பதால் அங்கே சென்டர் பேசாது. படம் 5.1 ஒலியோடு இருந்தால்தான் இத்தனை பாடும் பலிக்கும். சென்டர் வால்யூமை மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன். நேற்று பாதிப் படத்தில் ஆவடி ரயில் கடந்து போனது. "என்ன சொன்னான்?" என்று அம்மா கேட்கவே இல்லை.